ஆர்டர் நியூ ஜெர்சில, ஆள் டெக்சாஸ்ல: சைல்ட் சப்போர்ட் பணத்தை எந்த வழியா வாங்குறது?

அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்ககிட்ட இருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருது. டைவர்ஸ் நியூ ஜெர்சி கோர்ட்ல முடிஞ்சுது, பிள்ளை வளர்ப்புச் செலவுக்கு மாசம் இவ்வளவுன்னு சைல்ட் சப்போர்ட் ஆர்டரும் போட்டாச்சு, கொஞ்ச நாள் ஒழுங்கா வந்துட்டு இருந்துச்சு, அப்புறம் அவரு டல்லாஸ்ல வேலை கிடைச்சுதுன்னு கிளம்பிப் போனாரு, போன கையோட பணமும் நின்னுபோச்சு. இப்ப என்ன பண்றது? டெக்சாஸ்ல போய் வக்கீல் புடிக்கணுமா, இங்கயே கோர்ட்டுக்குப் போனா போதுமா, ஏஜென்சில அப்ளிகேஷன் போட்டா நடக்குமா, இல்ல "நாங்க வசூல் பண்ணித் தர்றோம்"னு விளம்பரம் பண்றானே, அவன்கிட்டயே குடுத்துடலாமா? (பிள்ளைங்க அப்பாகிட்ட இருக்கு, அம்மா கட்டணும்ங்கற கேசும் இருக்கு. சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், எழுதற வசதிக்கு "அவரு"ன்னே போடறேன்.)

முதல்ல ஒண்ணு. ஸ்டேட் மாறிட்டா ஆர்டர் செல்லாதுன்னு அவரு சொல்லியிருந்தா அது சும்மா. 1994ல வந்த ஃபெடரல் சட்டப்படி ஒரு ஸ்டேட் போட்ட சைல்ட் சப்போர்ட் ஆர்டரை மத்த ஸ்டேட் அப்படியே மதிச்சு நடத்திக் குடுத்தாகணும். அதுக்கு மேல யுஐஎஃப்எஸ்ஏன்னு ஒரு சட்டம், முழுப் பேரு யூனிஃபார்ம் இன்டர்ஸ்டேட் ஃபேமிலி சப்போர்ட் ஆக்ட். 1992ல எழுதினாங்க, 1998க்குள்ள எல்லா ஸ்டேட்டும் ஏத்துக்கணும்னு காங்கிரஸ் கட்டாயமாக்கிடுச்சு. அதனால நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியா எங்க போனாலும் அடிப்படை விதி கிட்டத்தட்ட ஒண்ணுதான். நான் கீழ நியூ ஜெர்சி - டெக்சாஸ் ஜோடியையே உதாரணமா வச்சுப் பேசறேன், உங்க ஸ்டேட் வேறன்னா சின்னச் சின்ன நம்பர் மாறும், வழி மாறாது.

எதை வச்சு முடிவு பண்றது

கோவம் எவ்வளவு இருக்குன்னு பாத்து வழி தேர்ந்தெடுக்கறவங்கதான் ஜாஸ்தி. எடுத்தவுடனே பெரிய வக்கீல், எடுத்தவுடனே "அவனை ஜெயில்ல போடணும்". ஆனா பாக்க வேண்டியது இதெல்லாம்:

அவருக்குப் பணம் எப்படி வருது? டபிள்யூ-2 சம்பளமா (கம்பெனி பேரோல்ல இருக்கற வேலை), 1099 கான்ட்ராக்டா (பேரோல்ல இல்லாம தனி ஆளா ஒப்பந்த வேலை), சொந்த பிசினஸா? என்னைக் கேட்டா பாதி முடிவு இந்த ஒரு கேள்வியிலயே முடிஞ்சுடும்.

அவரு எங்க இருக்காரு, எந்தக் கம்பெனின்னு உங்களுக்குத் தெரியுமா, இல்ல யாராச்சும் தேடிக் கண்டுபிடிக்கணுமா?

பாக்கி எவ்வளவு? ரெண்டு மாசமா, ரெண்டு வருஷமா?

உங்ககிட்ட காத்திருக்க நேரம் இருக்கா, இல்ல செலவு பண்ணப் பணம் இருக்கா? ரெண்டும் இல்லன்னா அதுக்கும் ஒரு வழி இருக்கு, ஆனா மெதுவா.

உங்க அட்ரஸ் அவருக்குத் தெரியறது ஆபத்தா? அடிதடி, மிரட்டல்னு இருந்த வீடுன்னா இதைத்தான் முதல்ல பாக்கணும். யுஐஎஃப்எஸ்ஏலயே இதுக்கு இடம் இருக்கு, அட்ரஸ் வெளிய போனா உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்துன்னு சத்தியப் பிரமாணத்தோட எழுதிக் குடுத்தா அந்த விவரத்தை சீல் பண்ணி வைப்பாங்க. எந்த வழியில போனாலும் பேப்பர் உள்ள போறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டு வாங்கிடுங்க, போன அப்புறம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல.

வழி 1: அவரோட பேரோலுக்கு நேரா ஆர்டர் அனுப்புறது

நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. சம்பளத்துலயே புடிச்சு அனுப்பச் சொல்ற இன்கம் வித்ஹோல்டிங் ஆர்டர், சுருக்கமா ஐடபிள்யூஓ, நாடு முழுக்க ஒரே ஃபெடரல் ஃபார்ம்தான். யுஐஎஃப்எஸ்ஏ என்ன சொல்லுதுன்னா, இந்த ஆர்டரை இன்னொரு ஸ்டேட்ல இருக்கற கம்பெனிக்கு நேரா அனுப்பலாம், அந்த ஸ்டேட் கோர்ட்ல கேஸ் போட வேண்டாம், ரெஜிஸ்டர் பண்ண வேண்டாம். டெக்சாஸ் கம்பெனி அதை டெக்சாஸ் கோர்ட் போட்ட ஆர்டர் மாதிரியே நடத்தணும், சம்பளத்துல புடிச்சு அனுப்பணும். கோர்ட் அனுப்பலாம், ஏஜென்சி அனுப்பலாம், உங்க வக்கீல் அனுப்பலாம், நீங்களே கூட அனுப்பலாம். ஆனா வக்கீலோ நீங்களோ அனுப்பினா சம்பளத்துல புடிக்கலாம்னு சொல்ற ஒரிஜினல் கோர்ட் ஆர்டர் காப்பியைக் கூட வைக்கணும்.

இதுல ஒரு நுணுக்கம். நம்ம ஐடி ஆளுங்க டல்லாஸ்ல ஏதோ ஒரு பேங்க்குக்கு வேலை பாப்பாங்க, ஆனா சம்பளம் போடறது நியூ ஜெர்சில எடிசன்லயோ பிஸ்கடவேலயோ இருக்கற ஒரு கன்சல்டிங் கம்பெனி. ஆர்டர் போக வேண்டியது பே ஸ்டப்ல, அதாவது சம்பளச் சீட்டுல, யார் பேரு இருக்கோ அவங்களுக்கு, கிளையன்ட்டுக்கு இல்ல. கிளையன்ட்டுக்கு அனுப்பிட்டு மூணு மாசம் பதில் வரலன்னு உக்காந்திருந்தா வராது.

மறைமுகச் செலவுன்னு பாத்தா, பணமா பெருசா ஒண்ணும் இல்ல. டெக்சாஸ்ல கம்பெனி மாசம் 10 டாலர் வரைக்கும் நிர்வாகச் செலவுன்னு அவரு சம்பளத்துல இருந்து எடுத்துக்கலாம், அது உங்களுக்குப் பிரச்சினை இல்ல. கவனிக்க வேண்டியது லிமிட். ஃபெடரல் சட்டப்படி டாக்ஸ் மாதிரி கட்டாயப் பிடித்தம் போக மிச்ச சம்பளத்துல 50 சதவீதத்துல இருந்து 65 சதவீதம் வரைக்கும் புடிக்கலாம், வேற குடும்பம் இருக்கா, பாக்கி 12 வாரத்தைத் தாண்டிடுச்சாங்கறதைப் பொறுத்து மாறும். ஆனா எவ்வளவு வரைக்கும் புடிக்கலாம்ங்கறதுக்கு அவரு வேலை பாக்கற ஸ்டேட் சட்டம்தான் செல்லும், டெக்சாஸ்ல அது 50 சதவீதத்தோட நின்னுடும். பெரிய பாக்கி இருக்கறவங்களுக்கு இது வலிக்கும், மாசாந்திரப் பணம் மட்டும் வந்தா போதும்னு இருக்கறவங்களுக்குப் பிரச்சினையே இல்ல.

இன்னொண்ணு, "செக்கை என் வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு ஃபார்ம்ல எழுதாதீங்க. பணம் ஸ்டேட்டோட டிஸ்பர்ஸ்மென்ட் யூனிட் (பணத்தை வாங்கி உங்களுக்கு அனுப்பற ஆபீஸ்) வழியாதான் போகணும், இல்லன்னா பேரோல் டிபார்ட்மென்ட் ஃபார்மையே திருப்பி அனுப்பிடும். உங்களுக்கும் அதுதான் நல்லது, எவ்வளவு வந்துச்சு எப்ப வந்துச்சுன்னு கவர்மென்ட் கணக்குல இருக்கும், நாளைக்கு "நான் கேஷா குடுத்தேனே"ன்னு கதை விட முடியாது.

எப்ப உதவாது: 1099, சொந்தக் கடை, கேஷ் வேலை, ஆறு மாசத்துக்கு ஒரு கம்பெனி மாத்தறவரு. கம்பெனி மாறின அன்னிக்கு நின்னுடும், புதுக் கம்பெனி பேரை நீங்களே தேடிக் கண்டுபிடிச்சு மறுபடி அனுப்பணும். அவரு இதை எதிர்த்து டெக்சாஸ்ல ஆட்சேபம் பண்ணவும் உரிமை இருக்கு, அவரே ஆர்டரை அங்க ரெஜிஸ்டர் பண்ணி எதிர்க்கலாம், இல்ல டெக்சாஸ் ஆர்டரை எதிர்க்கற மாதிரியே எதிர்க்கலாம்.

வழி 2: ஸ்டேட் ஏஜென்சி வழியா

சைல்ட் சப்போர்ட்டை வசூல் பண்ணிக் குடுக்கற கவர்மென்ட் ஆபீஸ் இது. ஃபோர்-டி (IV-D) ஏஜென்சின்னு சொல்வாங்க, சோஷியல் செக்யூரிட்டி ஆக்ட்ல அந்தப் பகுதியோட பேரு, 1975ல இருந்து இருக்கு. எல்லா ஸ்டேட்லயும் உண்டு, வருமானம் கம்மியா இருந்தாதான் போகலாம்னு கிடையாது, யார் வேணா அப்ளை பண்ணலாம். நியூ ஜெர்சில கோர்ட்டோட ப்ரொபேஷன் டிவிஷன் பாத்துக்குது, டெக்சாஸ்ல அட்டர்னி ஜெனரல் ஆபீஸ். ப்ரொபேஷன் வழியா பணம் போகுதுன்னாலே ஃபோர்-டி கேஸ் இருக்குன்னு நெனச்சுக்காதீங்க, அப்ளிகேஷன் போட்டிருக்கான்னு போன் பண்ணிக் கேட்டுடுங்க.

நீங்க உங்க ஊர் ஆபீஸ்ல சொன்னா போதும், அவங்க டெக்சாஸுக்கு அனுப்புவாங்க. தேவையான விவரம் எல்லாம் கைல வந்த 20 நாளுக்குள்ள அனுப்பணும், அந்தப் பக்கம் சென்ட்ரல் ரெஜிஸ்ட்ரி 10 வேலை நாளுக்குள்ள எடுத்து உள்ள போடணும்னு ஃபெடரல் ரூல் இருக்கு. ரூல்ல இருக்கறது அப்படி. நடக்கறது மாசக்கணக்கு. ரெண்டு ஸ்டேட்டு, ரெண்டு கேஸ் ஒர்க்கர், ரெண்டு பேரும் "அவங்க பதிலுக்கு வெயிட்டிங்"னு சொல்றது இந்த வழியோட தலைவிதி. கேஸ் நம்பர் ரெண்டு ஸ்டேட்டுக்கும் தனித்தனியா இருக்கும், ரெண்டையும் வாங்கி வச்சுக்கங்க.

அப்புறம் ஏன் இதுல போகணும்? வேற யார்கிட்டயும் இல்லாத ஆயுதம் இவங்ககிட்ட இருக்கு. புதுசா யாரை வேலைக்கு எடுத்தாலும் கம்பெனி 20 நாளுக்குள்ள ஸ்டேட்டுக்கு ரிப்போர்ட் பண்ணணும், அது நேஷனல் டைரக்டரிக்குப் போகுது, அதனால கம்பெனி மாறினாலும் ஏஜென்சி கண்ணுல பட்டுடும். டாக்ஸ் ரீஃபண்டைப் பிடிக்கலாம், பாக்கி 500 டாலர் தாண்டியிருந்தா போதும். பேங்க் அக்கவுன்ட் எங்க இருக்குன்னு டேட்டா மேட்ச் பண்ணிப் பாக்கலாம். டிரைவிங் லைசென்ஸ், தொழில் லைசென்ஸ்ல கை வைக்கலாம், கிரெடிட் ரிப்போர்ட்ல ஏத்தலாம். பாக்கி 2,500 டாலர் தாண்டினா பாஸ்போர்ட் குடுக்காம நிறுத்தலாம்.

இந்த பாஸ்போர்ட் விஷயத்துல நம்மவங்களுக்கு ஒரு குறிப்பு, அது அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான். அவரு எச்-1பிலயோ கிரீன் கார்டுலயோ இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்தா அந்த மிரட்டல் எடுபடாது. ஆனா கிரீன் கார்டுக்காரரு சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்றாருன்னா, வேணும்னே பிள்ளைக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாம இருந்தது நல்நடத்தைக் கேள்வில அவருக்கு எதிரா நிக்கும், அந்த என்-400 அப்ளிகேஷன் ஃபார்ம்லயே சைல்ட் சப்போர்ட் பத்திக் கேக்கறாங்க. பல பேர் சரியா அந்த டைம்ல பாக்கியைக் கட்டறதுக்கு இதுதான் காரணம்.

செலவுன்னா, அப்ளிகேஷன் ஃபீஸ் அதிகபட்சம் 25 டாலர், பல ஸ்டேட்ல அதைவிடக் கம்மி. வருஷத்துக்கு 550 டாலர் வசூலானதுக்கு அப்புறம் 35 டாலர் வருடாந்திர ஃபீஸ், கவர்மென்ட் உதவிப்பணம் எப்பவுமே வாங்காதவங்களுக்கு. அவ்வளவுதான்.

மறைஞ்சிருக்கற செலவு வேற இடத்துல இருக்கு. ஏஜென்சி வக்கீல் உங்க வக்கீல் இல்ல, அவங்க ஸ்டேட்டுக்கு வேலை பாக்கறாங்க. நீங்க அவங்ககிட்ட சொல்றது ரகசியம்னு நினைக்காதீங்க, உங்க சொல்படி அவங்க நடக்கணும்னும் கிடையாது. கஸ்டடி, விசிட்டேஷன், அலிமனி மட்டும் தனியா, இதெல்லாம் அவங்க தொட மாட்டாங்க. ரீஃபண்ட் பிடிச்சாலும், அவரு புதுக் கல்யாணம் பண்ணி ஜாயின்ட்டா ரிட்டர்ன் போட்டிருந்தா, புது மனைவி தன் பங்கைக் கேக்க வழி இருக்கறதால அந்தப் பணத்தை ஆறு மாசம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். ரீஃபண்ட் வந்தாச்சுன்னு நம்பி கிரெடிட் கார்டைத் தேய்ச்சுடாதீங்க.

வழி 3: டெக்சாஸ்ல வக்கீல் வச்சு நீங்களே ரெஜிஸ்டர் பண்றது

ஏஜென்சி செய்யற அதே ரெஜிஸ்ட்ரேஷனை நீங்க உங்க செலவுல செய்யறது. சர்டிஃபைடு காப்பி உட்பட ஆர்டரோட ரெண்டு காப்பி, பாக்கி எவ்வளவுன்னு சத்தியப் பிரமாணம், அவரோட அட்ரஸ், வேலை, சொத்து விவரம், இதோட ஒரு கவரிங் லெட்டர், இதான் பேக்கேஜ். உள்ள போனதும் அவருக்கு நோட்டீஸ் போகும், 20 நாளுக்குள்ள அவரு ஆட்சேபம் சொல்லணும். சொல்லலன்னா ஆர்டரும் பாக்கித் தொகையும் உறுதியாயிடும், அதுக்கப்புறம் அதே விஷயத்தைக் கிளற முடியாது.

ஆட்சேபம்னாலும் என்ன வேணா சொல்ல முடியாது. அந்தக் கோர்ட்டுக்கு என் மேல அதிகாரமே இல்ல, மோசடி பண்ணி வாங்கின ஆர்டர், ஏற்கனவே மாத்தியாச்சு, நான் கட்டிட்டேன், காலக்கெடு முடிஞ்சுபோச்சு, இந்த மாதிரி சட்டத்துல இருக்கற சிலது மட்டும்தான். "பிள்ளையை என்கிட்ட காட்டவே இல்ல"ங்கறது எடுபடாது, அது தனி கேஸ். "எனக்கு வேலை போச்சு, அதனால பழைய பாக்கியைக் குறைங்க"ங்கறதும் நடக்காது, 1986ல வந்த பிராட்லி அமெண்ட்மென்ட் படி தேதி தாண்டின ஒவ்வொரு தவணையும் தானா ஒரு தீர்ப்பு மாதிரி ஆயிடும், பின்தேதியிட்டுக் குறைக்க எந்த ஜட்ஜாலயும் முடியாது. காலக்கெடு விஷயத்துலயும் ரெண்டு ஸ்டேட்ல எது நீளமோ அதுதான் பாக்கிக்கு எடுத்துப்பாங்க.

நீங்க டல்லாஸுக்கு ஃப்ளைட் புடிச்சுப் போக வேண்டியதில்ல, போன்லயோ வீடியோலயோ சாட்சி சொல்ல அனுமதிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. ஃபைலிங் ஃபீஸும் பெட்டிஷனர்கிட்ட முன்கூட்டிக் கேக்கக் கூடாது.

செலவு முழுக்க வக்கீல்தான். ரீட்டெய்னர்னு கேக்கற முன்பணமே ஆயிரங்கள்ல போகும், அவரு வம்பு பண்ண பண்ண மீட்டர் ஓடும். ஜெயிச்சா அவரையே வக்கீல் ஃபீஸ் கட்டச் சொல்லி டெக்சாஸ் கோர்ட் ஆர்டர் போட முடியும், போடவும் செய்யறாங்க, ஆனா பிள்ளைக்கே கட்டாதவரு வக்கீலுக்குக் கட்டிடப் போறாரா என்ன.

சொந்த பிசினஸ் வச்சிருக்காரு, வருமானத்தை எல்எல்சிக்குள்ள ஒளிக்கறாரு, பாக்கி பெரிய தொகை, அவருகிட்ட சொத்து இருக்கறது நிச்சயமா தெரியும், இந்த நாலும் இருந்தா இதுதான் சரியான வழி. வக்கீல்தான் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டு சப்பீனா அனுப்புவாரு, டெபாசிஷன் (சத்தியப் பிரமாணத்துல கேள்வி கேட்டு வாக்குமூலம்) எடுப்பாரு, கன்டெம்ப்ட் (கோர்ட் அவமதிப்பு) போடுவாரு, 401கே ரிட்டையர்மென்ட் கணக்குல இருந்து பாக்கியை எடுக்க கியூடிஆர்ஓங்கற ஆர்டர் வாங்க முடியுமான்னு பாப்பாரு. கேஸ் ஒர்க்கருக்கு ஒரு ஃபைலுக்காக இவ்வளவு மெனக்கெட நேரம் இருக்காது. டபிள்யூ-2காரருக்கு இதெல்லாம் வேண்டாத செலவு.

வழி 4: பிரைவேட் கலெக்ஷன் கம்பெனி

எனக்கு இதுல நம்பிக்கை கம்மி, முன்னாடியே சொல்லிடறேன். "வசூலானா மட்டும் ஃபீஸ்"னு சொல்வாங்க, கேக்க நல்லா இருக்கும். அந்த ஃபீஸ் கால் பங்கு, மூணுல ஒரு பங்குன்னு போகும். பாக்கிக்கு மட்டும்தான்னு நினைச்சு கையெழுத்துப் போடுவீங்க, கான்ட்ராக்டைப் படிச்சா இந்த மாசம் ஒழுங்கா வர்ற பணத்துலயும் பங்கு எடுப்பாங்கன்னு இருக்கும், ஏஜென்சி பிடிச்சுக் குடுத்த பணத்துல கூட பங்கு கேக்கற கான்ட்ராக்ட் உண்டு. நடுவுல விலகறதும் சுலபம் இல்ல. டாக்ஸ் ரீஃபண்ட், பாஸ்போர்ட், நியூ ஹையர் டைரக்டரி எதையும் அவங்க தொட முடியாது, நீங்களே அனுப்பக்கூடிய அதே ஐடபிள்யூஓவை அவங்க அனுப்பிட்டு மூணுல ஒரு பங்கு எடுத்துப்பாங்க.

பிள்ளைக்கு வயசு தாண்டிடுச்சு, பத்து வருஷப் பாக்கி, ஏஜென்சி எல்லாம் பாத்துக் கைவிட்டாச்சு, ஆள் எங்கன்னே தெரியல, வந்தா லாபம்ங்கற நிலைமைல மட்டும் யோசிக்கலாம். அப்பவும் கான்ட்ராக்டை ஒரு வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்துக் காட்டிட்டுக் கையெழுத்து போடுங்க.

வழி 5: நியூ ஜெர்சி கோர்ட்லயே மோஷன் (மனு) போடறது

ஆர்டர் போட்ட கோர்ட்டுக்கு அவரு மேல அதிகாரம் போகல, அதனால இங்கயே மோஷன் போட முடியும், பாக்கி இவ்வளவுன்னு உறுதிப்படுத்த முடியும், வரலன்னா வாரண்ட் கூட வரும். ஆனா இங்க போட்ட வாரண்ட்டை வச்சு டல்லாஸ் போலீஸ் அவரு வீட்டுக் கதவைத் தட்டும்னு எதிர்பாக்காதீங்க. அவரு பேர்ல இங்க வீடு இருக்கு, பேங்க் அக்கவுன்ட் இருக்கு, இல்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை இங்க வருவாருன்னா பலன் உண்டு. பாக்கி எவ்வளவுன்னு தெளிவா ஒரு ஆர்டர் வாங்கிட்டு அப்புறம் வழி 1, 3க்குப் போறவங்களுக்கும் இது நல்ல முதல் படி.

ஃபெடரல் கிரிமினல் கேஸ் பத்தியும் கேக்கறாங்க. வேற ஸ்டேட்ல இருக்கற பிள்ளைக்கு வேணும்னே ஒரு வருஷத்துக்கு மேல கட்டல, இல்ல பாக்கி 5,000 டாலர் தாண்டிடுச்சுன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டு வருஷம் இல்ல 10,000 டாலர் தாண்டினா ரெண்டு வருஷம் வரைக்கும். சட்டம் இருக்கறது உண்மை. ஆனா கேஸ் போடறதா வேண்டாமாங்கறது ஃபெடரல் பிராசிக்யூட்டர் முடிவு, மத்த வழியெல்லாம் பாத்தாச்சான்னு கேப்பாங்க. உள்ள போனவரு சம்பாதிக்கவும் மாட்டாரு, அதையும் யோசிச்சுக்கங்க.

எந்த வழியில போனாலும் மாட்டக் கூடாத இடம்

பணம் வாங்கப் போற இடத்துல தொகையை மாத்தற பேச்சைத் திறந்துடாதீங்க. டெக்சாஸ்ல ரெஜிஸ்டர் பண்ணா டெக்சாஸ் கோர்ட் ஆர்டரை நடத்திக் குடுக்கலாம், தொகையை மாத்த முடியாது. நீங்களோ பிள்ளையோ நியூ ஜெர்சில இருக்கற வரைக்கும் மாத்தற அதிகாரம் நியூ ஜெர்சிக்குத்தான். இது உங்களுக்கு ஏன் முக்கியம்னா ரெண்டு ஸ்டேட் கணக்கும் வேற வேற. டெக்சாஸ்ல கட்டறவரோட நெட் வருமானத்துல ஒரு பிள்ளைக்கு 20 சதவீதம்னு ஆரம்பிக்கும், அதுக்கும் மேல ஒரு உச்சவரம்பு உண்டு. நியூ ஜெர்சில ரெண்டு பேர் வருமானத்தையும் சேத்துப் பாப்பாங்க. வயசும் அப்படித்தான், டெக்சாஸ்ல 18 இல்ல ஹைஸ்கூல் முடியற வரைக்கும், நியூ ஜெர்சில 19, காரணம் காட்டினா 23 வரைக்கும் நீட்டலாம். எத்தனை வயசு வரைக்கும்ங்கறது ஆர்டர் போட்ட ஸ்டேட் சட்டப்படிதான், அவரு ஊர் மாத்தினா அது மாறாது. அதனால "எல்லாத்தையும் டெக்சாஸ்ல ஒரே இடமா வச்சுக்கலாமே, வசதியா இருக்கும்"னு ஒரு கன்சென்ட் ஃபார்ம் நீட்டினா, படிக்காம கையெழுத்து போடாதீங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அதிகாரம் நிஜமாவே அங்க போயிடும்.

நீங்களும் நியூ ஜெர்சியை விட்டுப் போறதா இருந்தா, பிள்ளையும் உங்க கூட, அவரு ஏற்கனவே டெக்சாஸ்ல, அப்ப நியூ ஜெர்சிக்கு மாத்தற அதிகாரம் போயிடும். அதுக்கப்புறம் தொகையைக் குறைக்கணும்னு அவரு நினைச்சா உங்க புது ஸ்டேட்டுக்கு வரணும், ஏத்தணும்னு நீங்க நினைச்சா டெக்சாஸுக்குப் போகணும். ஏத்தற யோசனை இருந்தா வீடு மாத்தறதுக்கு முன்னாடியே மோஷனைப் போட்டுடுங்க.

சரி, யாருக்கு எது

கம்பெனி தெரியும், டபிள்யூ-2, பாக்கி சில மாசம்தான்: வழி 1 இன்னிக்கே. கூடவே வழி 2ல அப்ளிகேஷனும் போட்டு வைங்க, ஏன்னா கம்பெனி மாறும்போது அதுதான் புடிக்கும். ஏற்கனவே ஃபோர்-டி கேஸ் இருந்தா தனியா நீங்க ஐடபிள்யூஓ அனுப்பாதீங்க, கம்பெனி பேரை கேஸ் ஒர்க்கருக்குக் குடுத்து அவங்களையே அனுப்பச் சொல்லுங்க, ஒரே பணத்துக்கு ரெண்டு ஆர்டர் போனா பேரோல்ல குழப்பம்.

ஆள் எங்கன்னு தெரியாது, வக்கீலுக்குக் காசும் இல்ல: வழி 2 மட்டும். மாசம் ஒரு தடவை ஃபாலோ அப், ஒவ்வொண்ணும் எழுத்துல.

பிசினஸ்காரரு, சொத்து இருக்கு, பாக்கி பெருசு: வழி 5ல பாக்கியை உறுதி பண்ணிட்டு வழி 3. டெக்சாஸ்ல இன்னொரு விசேஷம் உண்டு, சாதாரணக் கடனுக்கு அங்க சம்பளத்துல கை வைக்கவே முடியாது, ஆனா சைல்ட் சப்போர்ட்டுக்கு அந்த ஸ்டேட் அரசியல் சட்டமே விலக்கு குடுத்திருக்கு. அவரு குடியிருக்கற சொந்த வீட்டைத் தொடறது மட்டும் ரொம்பக் கஷ்டம், ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு அங்க பலமானது, அதனால வக்கீல்கிட்ட முதல்லயே மத்த சொத்து லிஸ்ட்டைக் குடுங்க.

அவரு இந்தியாவுக்கே திரும்பிப் போகப் போறாருன்னு பேச்சு அடிபடுதுன்னா இருக்கறதுலயே வேகமான வழி எதுவோ அதைப் பிடிங்க, செலவைப் பாக்காதீங்க. 2007 ஹேக் சைல்ட் சப்போர்ட் கன்வென்ஷன்ல அமெரிக்கா 2017ல இருந்து இருக்கு, இந்தியா இல்ல. நம்ம சிவில் ப்ரொசீஜர் கோட் 44ஏ பிரிவுப்படி நேரா நிறைவேத்தற நாடுகள் பட்டியல்லயும் அமெரிக்கா கிடையாது, சென்னைலயோ கோயமுத்தூர்லயோ திரும்ப ஒரு கேஸ் போட்டு இந்த ஆர்டரை ஆதாரமாக் காட்டித்தான் ஆரம்பிக்கணும். அவரு இங்க இருக்கும்போதே கடைசி சம்பளம், 401கே, கார், பேங்க் அக்கவுன்ட் எது கைக்கு எட்டுதோ அதுல ஆர்டரை உக்கார வச்சுடணும்.